உப்புத் தண்ணி ஊரில் தோள் வரை முடி

கோயமுத்தூரில் ஓர் ஆண் சில மாதம் சலூன் பக்கம் போகாமல் இருந்தால் காதில் விழும் முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்குங்க வேண்டுதல்?" பழனிக்கு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள், கொஞ்சம் மரியாதைகூடக் கிடைக்கும். "சும்மா ஆசைக்குத்தான்" என்று சொன்னால்தான் அறிவுரை ஆரம்பமாகும். இத்தனைக்கும் ஆண்பிள்ளைக்கு நீளமுடி நம்மூரில் புதிதில்லை. தாத்தாவின் அப்பா காலத்துப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசித் தலையில் குடுமி இருக்கும். சிதம்பரத்தில் தீட்சிதர்கள் இன்றைக்கும் முன்குடுமி வைத்திருக்கிறார்கள். கிராப்பு வந்து சில தலைமுறை ஆனதில் நீளமுடியை வைத்துக்கொள்ளும் கைப்பழக்கம் மட்டும் ஆண்களிடமிருந்து போய்விட்டது. அம்மாவும் அக்காவும் யோசிக்காமல் செய்கிற வேலைகளை நான் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஊருக்குள் கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறையில், இரும்பு கடையும் வேலை. வீட்டில் குடிக்கச் சமைக்க நல்ல தண்ணி, மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி. சிறுவாணித் தண்ணியின் ருசியைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் இந்த ஊரில் கிடையாது, ஆனால் தலைக்கு ஊற்றுவது பெரும்பாலும் போரிலிருந்து வரும் உப்புத் தண்ணிதான். எண்ணெய், ஷாம்பு, சீரம் என்று பணம் செலவழிக்கும் முன் தண்ணியைக் கவனியுங்கள். இந்தப் பதிவில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது நிற்கட்டும்.

முதலில் ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும், வருடத்துக்கு அரை அடி. அப்படியானால் தோளைத் தொடும் முடியின் நுனிக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த இரண்டு வருடத்தில் போட்ட சோப்பு, ஷாம்பு, துண்டில் தேய்த்த தேய்ப்பு, வெயில், ஹெல்மெட் எல்லாம் அந்த நுனியில்தான் சேர்ந்திருக்கிறது. மண்டைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, அடிபட்டால் தானாக ஆறாது. கிராப்பு வைத்திருந்தபோது எதை எப்படித் தேய்த்தாலும் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அடிபட்ட முடியை மாதாமாதம் சலூனில் வெட்டிக் கீழே போட்டுக்கொண்டிருந்ததுதான்.

தண்ணியைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குளிக்கிற சோப்பில் நகம் அளவு சீவி எடுத்து, குடிக்கும் தண்ணியில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்து, ஒன்றில் பாதி போர் தண்ணி, மற்றதில் பாதி நல்ல தண்ணி. இரண்டிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுக் கணக்கில் விட்டு மூடிக் குலுக்குங்கள். நல்ல தண்ணியில் நுரை மேலே நிற்கும், அடியில் தண்ணி ஓரளவு தெளிவாக இருக்கும். எங்கள் வீட்டுப் போர் தண்ணியில் நுரையே எழவில்லை. பால் கலந்தது மாதிரி வெளுத்து, கொஞ்ச நேரத்தில் மேலே ஆடையாகத் திரிந்து நின்றது. தண்ணியில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் கரையாத பொருள் அது. பக்கெட்டின் உட்புறம் வழவழவென்று படியும் சாம்பல் நிறக் கறையும் அதுவேதான். குளிக்கிற சோப்பையே தலைக்கும் போடுகிற ஆண்கள் ஏராளம். உப்புத் தண்ணியில் அப்படிப் போட்டால் அந்தக் கறை முடி இழையின் மேலும் படியும். காய்ந்த பிறகு விரலை விட்டால் பிசுக்கும் சொரசொரப்பும் ஒன்றாக இருக்குமே, அது இதனால்தான்.

எண்ணாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு, அதாவது அந்தக் கால்சியம் மெக்னீசியத்தின் அளவுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது, வேறு தண்ணியே கிடைக்காவிட்டால் 600 வரை. பேனா மாதிரி விற்கும் டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், கடினத்தன்மையைச் சொட்டுக் கணக்கில் அளக்கும் கிட் அதைவிடப் பயன்படும். உப்புத் தண்ணி முடியின் பலத்தையே குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் முடி சொரசொரப்பாவதும், சொரசொரப்பான முடி சிக்கு விழுவதும், சிக்கெடுக்கும்போது அறுவதும் கைக்கே தெரிகிற விஷயம்.

இதற்கு நான் செய்வது ரொம்பச் சாதாரணம். தலை முழுக்கப் போர் தண்ணியிலேயே அலசிவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் குடம் நல்ல தண்ணி ஊற்றுகிறேன். தோள் வரை முடிக்கு மூன்று நான்கு லிட்டர் போதும். மழை நாளில் மாடித் தண்ணியைப் பிடித்து வைத்தால் இன்னும் விசேஷம். கொதிக்க வைத்தால் தண்ணி மென்மையாகிவிடும் என்பது பாதி உண்மை. பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், சல்பேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாதென்று சிலர் தலைக்குப் பிடிக்கிறார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

படிந்த கறையை எடுக்க எலுமிச்சைச் சாறு விட்டு அலசுவதும் உண்மையாகவே வேலை செய்கிறது, ஆனால் எந்தத் தண்ணியில் விடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். போர் தண்ணியில் பிழிந்தால் அதிலுள்ள பைகார்பனேட்டே புளிப்பைத் தின்றுவிடும், முடிக்கு மிச்சம் எதுவும் வராது. ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் ஒரு டீஸ்பூன் சாறு, வடிகட்டி. அதைத் தலையில் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, மிச்சமிருக்கும் நல்ல தண்ணியில் அலசிவிடுவேன். அலசாமல் வெயிலில் போகக் கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குப் பொசுங்கிக் கறுத்துப்போகும். எலுமிச்சை இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். ஷாம்பு வாங்குவதானால் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் பட்டியலில் 'டைசோடியம் இடிடிஏ' அல்லது 'டெட்ராசோடியம் இடிடிஏ' இருக்கிறதா என்று பார்க்கலாம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அரப்பா ஷாம்புவா என்ற பஞ்சாயத்துக்கு வருவோம். கொங்குப் பக்கம் அரப்பு இல்லாத நாட்டு மருந்துக் கடை கிடையாது. உசிலை மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. சீயக்காய், பூந்திக்கொட்டை மாதிரி இதிலும் நுரைக்கிற சப்போனின் இருக்கிறது. சோப்பைப்போலக் கால்சியத்தோடு திரிந்து கறையாகாது, ஆகவே உப்புத் தண்ணிக்குச் சோப்பைவிட எவ்வளவோ மேல். கிராப்புத் தலைக்கு அரப்பை அப்படியே தேய்த்துக் கழுவிவிடலாம். நீளமுடியில் பொடியின் திப்பி இழைக்குள் புகுந்துகொண்டு, காய்ந்ததும் தோளில் கொட்டும். இருமுறை அலசினாலும் போகாது. நான் பழைய வேட்டித் துணியில்தான் சலிக்கிறேன். டம்ளர் வாய்மேல் துணியைக் கட்டி, நடுவில் குழியாக அழுத்தி, பொடியைப் போட்டு ஸ்பூனால் தேய்த்தால் மாவு மட்டும் கீழே இறங்கும். துணிமேல் நிற்கும் காம்பும் நரம்பும் எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சலித்த பொடி இரண்டு ஸ்பூனை ஆறிய வடிகஞ்சியில் குழைத்துப் பத்து நிமிடம் ஊற வைக்கிறேன். கஞ்சி சேர்ந்தால் முடியில் வழுக்கும், விரல் சிக்காமல் ஓடும். தண்ணியில் குழைத்தால் அந்த வழுக்கல் வராது, முடியும் வறண்டுபோகும். குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் வடிகஞ்சி கிடைக்காது. முதல்நாள் ஊறவைத்த வெந்தயத்தை அரைத்து வடித்த கொழகொழப்போ, செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்ததோ அதே வேலையைச் செய்யும்.

எண்ணெய்க் குளியலன்று அரப்பு, மற்ற நாளில் ஷாம்பு. பட்டறையில் சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் சாரல் தெறிக்கும், வார்ப்பு இரும்பு கடைந்தால் கரித்தூள் பறக்கும், ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று முறை தலைக்கு ஊற்றாமல் முடியாது. ஷாம்பு மண்டைக்கு மட்டும். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணி கலந்து, விரல் நுனியால் தோலில் தேய்த்தால் போதும், கீழே இருக்கும் முடியை வழிந்து வருகிற நுரையே சுத்தம் செய்துவிடும். முடியை மொத்தமாக உச்சியில் குவித்துத் துணி துவைக்கிற மாதிரி கசக்கினால் சிக்குக்கு நாமே அழைப்பு வைக்கிறோம். கண்டிஷனர் அதற்கு நேர் எதிர், காது மட்டத்திலிருந்து நுனி வரை. இரண்டு நிமிடம் விட்டு, அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் ஒருமுறை சீவிவிடுவேன். ஆண்களுக்கென்று விற்கிற, ஷாம்பும் கண்டிஷனரும் ஒன்றாகச் சேர்ந்த பாட்டிலை நான் வாங்குவதில்லை. ஒன்று மண்டைக்குப் போக வேண்டியது, இன்னொன்று நுனிக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் எதை எங்கே போடுவது?

எண்ணெய் வை என்று அம்மா சொன்னது சரி, காரணம் மட்டும் வேறு. எண்ணெய் வைத்தால் முடி வேகமாக வளரும் என்பதற்கு எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சின்னது, நேரானது, புரதத்தோடு ஒட்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி தண்ணியை இழுத்து ஊதுவது குறையும். ஆகவே குளித்த பிறகு வழித்துச் சீவுவதைவிடக் குளிப்பதற்கு முன் வைப்பதில்தான் பலன் அதிகம். நான் முதல் நாள் ராத்திரி ஒரு ஸ்பூன் எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, நுனியில் ஆரம்பித்து மேலே போகிறேன். தலையணை மேல் ஒரு பழைய துண்டு.

பொடுகு இருப்பவர்கள் மண்டையில் எண்ணெய் வைக்காதீர்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்று பெருகும். 'வறட்சியால் பொடுகு, எண்ணெய் வை' என்று சொன்னால் அதற்குச் சோறு போடுகிறோம். மருந்துக் கடையில் கிடைக்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு, வாரம் இரண்டு முறை, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் மண்டையில் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால், அல்லது புண்ணோ வட்ட வட்டமாகச் சொட்டையோ தெரிந்தால் தோல் மருத்துவர்தான்.

ஈர முடி இழுத்தால் நீளும், நீண்டு அறும். தண்ணி உள்ளே போனதும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுவிடுவதால் அப்படி. அதனால் தலை துவட்டத் தடித்த டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறினேன். தேய்ப்பதே இல்லை, முடியைத் துண்டில் பொதிந்து, கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு விட்டுவிடுவது. சீப்பு எப்போதும் நுனியிலிருந்து. கடைசி நாலு விரல் அளவைச் சீவி, அது தடையில்லாமல் வந்த பிறகு இன்னும் நாலு விரல் மேலே. சிக்கு ஒன்று நிற்கிறது என்றால் அதற்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் மண்டையில் வலி தெரியாது, வேரும் இழுபடாது. காதுக்குப் பின்னால், ஹெல்மெட் வார் உரசும் இடத்தில் தினமும் ஒரு முடிச்சு இருக்கும். அதற்கு மட்டும் துளி எண்ணெய் தொட்டு விரலாலேயே பிரித்துவிடுவேன்.

ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டுகிறேன், முடியைப் பின்கழுத்தில் தாழ்வாகக் கட்டியபடி. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. முடிக்காகத் தலையைப் பணயம் வைக்க முடியாது. ஈரத்தோடு ஹெல்மெட் போட்டால் வீச்சமும் அரிப்பும் நிச்சயம், ஆகவே தலைக்கு ஊற்றுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பட்டறை விஷயம் தனி. லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக் சுற்றும்போதும், டிரில்லிங் மெஷினில் குனிந்து பார்க்கும்போதும் தொங்குகிற முடி ஆளையே இழுத்துவிடும், மண்டைத் தோலோடு பிய்த்த விபத்துகள் உண்டு. குதிரைவால் கட்டிக்கொண்டு 'கட்டியிருக்கிறேனே' என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. கொண்டையாகச் சுருட்டி, அதன்மேல் நெற்றி முதல் பிடரி வரை மூடும் துணித்தொப்பி, ஒரு இழைகூட வெளியே வராமல். கழுத்துப் பக்கம் நீளம் பத்தாத குட்டை முடி எப்போதும் நழுவும், அதற்கு இரண்டு கிளிப். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் பட்டறையில் இருந்துகொண்டு முடி வளர்க்க வேண்டாம்.

கட்டுவதற்கு ரப்பர் பேண்டு கூடவே கூடாது, அவிழ்க்கும்போது பத்து இழையோடு வரும். எங்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மெஷின் துடைக்கத் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வரும். அதில் சுத்தமான, சிங்கிள் ஜெர்ஸி என்கிற மெல்லிய பனியன் துணித் துண்டு ஒன்றைத் துவைத்து எடுத்துக்கொண்டு, துணியின் குறுக்குவாக்கில் ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ஓரங்கள் இரண்டும் தானாக உள்ளே சுருண்டு, மெத்தென்ற குழாய்க் கயிறாகிவிடும். நெடுக்குவாக்கில் வெட்டினால் இப்படி இழுபடாது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி முடிச்சுப் போட்டால் வளையம் தயார். இதைவிட மென்மையானதைக் கடையில் நான் பார்க்கவில்லை. கட்டும்போது நெற்றி ஓரம் விண்ணென்று இழுக்கும்படி கட்டாதீர்கள். தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் முன்னோரத்தில் முடி உதிர்ந்து, நாளடைவில் வேரே செத்து, திரும்பி வராது. ராத்திரி அவிழ்த்துத் தளர்வாக ஒரு பின்னல்.

காதை மூடியும் மூடாமலும், கட்டினால் எட்டாமலும் கண்ணில் விழுந்தபடியும் இருக்கும் சில மாதங்கள்தான் நிஜமான சோதனை. பாதிப் பேர் அங்கேதான் சலூனுக்குத் திரும்புகிறார்கள். என்னைக் காப்பாற்றியது சலூன் அண்ணன்தான்.

"இதைச் சுத்தமா எடுத்துரலாங்களா தம்பி?"

"வேண்டாங்கண்ணா. பின்கழுத்துல மட்டும் சுத்தம் பண்ணுங்க. மேல இருக்கற நீளத்துல கையே வெக்கக் கூடாது."

"பொறவு காதுக்கு மேல?"

"அதையும் உட்ருங்க. நான் ஹேர்பேண்ட் மாட்டிக்கறேன்."

பின்கழுத்து முடி மற்றதை முந்தி நீண்டு வெளியே தள்ளும். அதை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தால் மேல் முடி வந்து எட்டிப் பிடிக்கும், பார்க்கிறவர்களுக்கும் 'பராமரிக்கிறான்' என்று தெரியும். வளைவு வளைவாக இருக்கும் கறுப்புக் கம்பி ஹேர்பேண்ட் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். கூச்சம் இரண்டு நாள்தான்.

கட்டுகிற நீளம் வந்த பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் ஒரு சென்டிமீட்டர் எடுக்கிறேன். வெடித்த நுனியை ஒட்டவைக்கும் மருந்து எதுவும் கிடையாது. சீரம் ஒட்டினாற்போலக் காட்டும், அடுத்த குளியலில் பிரியும். விட்டால் வெடிப்பு மேலே ஏறும். காகிதம் வெட்டுகிற கத்தரிக்கோல் மழுங்கலாக இருக்கும், அது வெட்டாமல் நசுக்கும்.

உதிர்வைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கிராப்பில் கண்ணில் படாத அதே எண்ணிக்கை, ஒரு சாண் நீளத்தில் சீப்பில் சுற்றி நிற்கும்போது கூடையாகத் தெரியும். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு, அது பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் மெலிந்து, அங்கே பூனைமுடி மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பரம்பரை வழுக்கை. முடி வளர்த்ததால் வந்ததும் இல்லை, வெட்டினால் நிற்பதும் இல்லை. சீக்கிரம் மருத்துவரைப் பார்த்தால் இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டு.

கடைசியாக, வீட்டில் சண்டை வராமல் இருக்க ஒன்று. குளியலறையில் தண்ணி வெளியே போகும் ஜாலி மேல் நாற்பது ஐம்பது ரூபாய்க்கு ஒரு ஸ்டீல் வலை வாங்கிப் போட்டுவிடுங்கள். குளித்து முடித்ததும் வலையில் நிற்கும் முடியை நாமே எடுத்துவிட வேண்டும், அடுத்து குளிக்க வருகிறவர் தலையில் அந்த வேலையைக் கட்டக் கூடாது. சீப்பில் வரும் முடியை அம்மா ஒரு கவரில் சேர்த்து வைக்கிறார், தெருவில் சைக்கிளில் 'சவுரி முடி, சிக்கு முடி' என்று கூவி வருகிறவருக்காக. போன தடவை அவர் வந்தபோது கவரைப் பிரித்து, என் முடியையும் அக்கா முடியையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாகவே நிறுத்து எடுத்துக்கொண்டார். வந்த காசு அக்காவுக்கு.